‘ஐ7 கம்ப்யூட்டர்’ என்று ஒரு பொருள் கிடையாது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிறவர்கள், ‘கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கணும்’ என்ற பேச்சு நடக்கிற வீட்டுக்காரர்கள் மட்டும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

ரிஷிவந்தியத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் சில வருடமாக ஒரு சொல் நடமாடுகிறது: ‘ஐ7 கம்ப்யூட்டர்’. “சார், பையனுக்கு ஐ7 வாங்கிட்டோம்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது தரகர் ‘இன்ஜினியர்’ என்று சொன்னதோடு நாம் நிறுத்திக்கொள்வதில்லை. எந்தக் காலேஜ், எந்த வருஷம் முடிச்சார், அரியர் இருக்கா, கம்பெனி எங்கே, சம்பளம் எவ்வளவு என்று நோண்டி நோண்டிக் கேட்கிறோம். முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற பெட்டிக்கு மட்டும் ‘ஐ7’ என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிவிடுகிறோம்.

என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். விடை சரியாக வந்திருந்தாலும் அலகு எழுதவில்லை என்றால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். “5 தானே சார் ஆன்சர்?” என்று வந்து நிற்பீர்கள். 5 என்றால் 5 என்ன, மீட்டரா, கிலோவா, கத்தரிக்காயா என்று கேட்டு அனுப்புவேன். ‘ஐ7, 8 ஜிபி ரேம்’ என்பதும் அலகு எழுதாத விடைதான். அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன், நீங்கள் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஐ7 என்ற பெயர் பிறந்தது 2008 நவம்பரில். அன்றிலிருந்து இன்டெல் கம்பெனி போட்ட ஐ7 ப்ராசஸர்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வரும் எண்தான் விஷயம். ஐ7 3770 என்றால் முதலில் இருக்கும் 3, மூன்றாம் தலைமுறை. 2012-இல் வந்தது. ஐ3 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட். பெயரைப் பார்த்தால் ஐ7 அண்ணன், ஐ3 தம்பி. வேலையைப் பார்த்தால் அந்தத் தம்பியின் ஒவ்வொரு கோரும் அண்ணனைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை செய்யும். பத்து வருட இடைவெளி அது. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். பெட்டியின் முன்பக்கம் ‘ஐ7’ என்று நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பதிவை எழுத வைத்த சங்கதிக்கு வருகிறேன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப்பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம். குடும்பத்தில் முதல் முறையாகக் காலேஜ் வாசலை மிதித்த பையன். பிசிஏ படிக்கிறான். மரவள்ளிக்கிழங்கு விற்ற காசோடு அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனையும் சேர்த்து 28,000 ரூபாய்க்கு ஒரு ‘ஐ7 கம்ப்யூட்டர்’ வாங்கினார்கள். வாங்கிய கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஒரு கடையின் கதை இல்லை என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

உள்ளே இருந்தது என்ன? அதே ஐ7 3770. ஏதோ ஒரு ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துப் போட்டபோது கழற்றியது. போர்டு எச்61. அந்த வகை 2011-இல் வந்தது. இன்றைக்கும் புதிதாகத் தயாரித்து, பளபளக்கும் அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதனால் ‘புது போர்டு’ என்று சொன்னதில் பொய் இல்லை. ரேம் ஒரே ஒரு ஸ்டிக், 4 ஜிபி, டிடிஆர்3. ஹார்ட் டிஸ்க் பழசு. கேபினெட் மட்டும் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக லைட். திருவிழாக் கடை மாதிரி ஜொலிக்கிறது.

பையன் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போட்டிருக்கிறான். அதற்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி ரேம் வேண்டும். திறந்தால் மௌஸ் நகரவில்லை. மலையிலிருந்து பஸ் ஏறி வந்து கடையில் சொன்னான். “ரேம் போட்டா சரியாயிடும் தம்பி” என்று ஒரு 8 ஜிபி ஸ்டிக் விற்றார்கள். டிடிஆர்3 தான், 1600 தான், வெட்டும் சரியாகப் பொருந்தியது, ஸ்லாட்டில் கிளிப்பும் விழுந்தது. டிஸ்ப்ளே வரவில்லை. மறுபடியும் பஸ். “போர்டு போயிடுச்சு” என்றார்கள். 3,500 ரூபாய்க்கு இன்னொரு எச்61 போர்டு. அதிலும் டிஸ்ப்ளே வரவில்லை. பழைய 4 ஜிபி ஸ்டிக்கையே போட்டுக் கொடுத்து, “இந்த ப்ராசஸருக்கு இவ்ளோதான் தம்பி எடுக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. அந்த ப்ராசஸர் 32 ஜிபி வரை எடுக்கும், அந்த போர்டு 16 ஜிபி வரை எடுக்கும். பையன் அந்த 8 ஜிபி ஸ்டிக்கை என்னிடம் கொண்டு வந்தான். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஏஎம்டி’ என்று இருந்தது. பழைய மாணவர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த ஏஎம்டி எஃப்எக்ஸ் மெஷினில் போட்டுப் பார்த்தோம். 8 ஜிபி என்று ஜம்மென்று காட்டியது. ஸ்டிக்கில் பழுதில்லை, போர்டிலும் பழுதில்லை. பொருத்தம் இல்லை.

ஏன் என்று கேட்பவர்களுக்கு விளக்கம், வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் உள்ள பாதை ஒரு சானலுக்கு 64 பிட் அகலம். வழக்கமான ரேமில் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் 8 பிட் கொடுக்கும். எட்டு சிப் கைகோத்தால் 64. சர்வர்களுக்காகச் செய்த வேறொரு வகை சிப் உண்டு. அது ஒரு நேரத்தில் 4 பிட்தான் கொடுக்கும். பதினாறு சிப் சேர்ந்தால்தான் 64. அந்தச் சிப்புகளை மலிவாக வாங்கி, சாதாரண டெஸ்க்டாப் ஸ்டிக்கில் பதித்து விற்கிறார்கள். அந்தக் காலத்து ஏஎம்டி ப்ராசஸர்களுக்கு இந்த 4 பிட் கணக்கு புரியும். இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸருக்குப் புரியாது. 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் 16 சிப் இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படித்தால்தான் உண்டு. கடைக்காரருக்கு இந்த விவரம் எல்லாம் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். லேபிளில் எழுதியிருந்த ‘ஏஎம்டி’ என்ற மூன்று எழுத்தைப் படிக்கத் தெரியாதா? இன்டெல் மெஷினுக்குத்தானே விற்றார்? டிஸ்ப்ளே வரவில்லை என்றதும் பழியை போர்டின் மேல் போட்டு இன்னொரு 3,500 வாங்கத் தெரிந்ததே?

“ரேம்னா ரேம்தான் சார், ஸ்லாட்ல உக்காந்தா ஓடும்” என்று இன்னும் பேசுகிற மெக்கானிக்குகளுக்கு ஒரு சேதி. நீங்கள் தொழில் கற்ற காலத்தில் ரேமோடு பேசுகிற வேலையை மதர்போர்டில் இருந்த ஒரு தனிச் சிப் செய்தது. அப்போது போர்டு சம்மதித்தால் போதும். ஏஎம்டி 2003-இலேயே அந்த வேலையை ப்ராசஸருக்குள் கொண்டுபோய்விட்டது. இன்டெல் 2008-இல், அதே முதல் ஐ7-இல், கொண்டுபோனது. அன்றிலிருந்து எந்த ரேம், என்ன வேகம், எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்வது ப்ராசஸர். போர்டு அதற்குப் பிறகுதான். நம்ம ஊர் அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ஒரே உடம்பு, இரண்டு பாதி. ஒரு பாதியை ஒரு கடையில், மறு பாதியை இன்னொரு கடையில் விலை விசாரித்து வாங்கி ஒட்டுவேன் என்றால் எப்படி?

வெளியே தெரிகிற பொருத்தம் சுலபம். டிடிஆர்3-க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் அதே 288 பின், 1.1 வோல்ட். பின் எண்ணிக்கை ஒன்று என்பதற்காக 4-ஐ 5-இன் ஸ்லாட்டில் போட முடியாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். தவறு நடக்கக் கூடாது என்றுதான் வெட்டையே மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நம் உறவில் ஒரு மாப்பிள்ளை, மதர்போர்டு டிடிஆர்5, ஆன்லைனில் தள்ளுபடியில் கிடைத்தது டிடிஆர்4 என்று வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி ஸ்லாட்டை உடைத்தார். (மாப்பிள்ளை, பெயர் சொல்லவில்லை. கமெண்டில் வந்து நீங்களே மாட்டிக்கொள்ளாதீர்கள்.) அரசு கொடுத்த இலவச லேப்டாப் கெட்டுப்போய் வீட்டில் கிடக்கிறது, அதன் ரேமை எடுத்து டெஸ்க்டாப்பில் போடலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். முடியாது. லேப்டாப் ஸ்டிக் நீளமே பாதிதான். இவையெல்லாம் சின்னச் சின்ன ஏமாற்றம். சிரித்துவிட்டுப் போகலாம்.

சிரிக்க முடியாதது, ஸ்லாட்டில் உட்கார்ந்தும் ஒத்துவராத பொருத்தங்கள். இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைக்கும் 8, 9-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே, எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறை ப்ராசஸர் பழைய 200 வரிசை போர்டில் அழகாக உட்காரும். ஓடாது. ஏஎம்4 சாக்கெட்டில் பி450 போர்டு வாங்கி, ரைசன் 5000 வரிசை ப்ராசஸர் போட்டால், போர்டின் பயாஸ் பழசாக இருந்தால் டிஸ்ப்ளே வராது. பயாஸைப் புதுப்பித்தால் வரும். அதைப் புதுப்பித்துக் கொடுப்பது விற்றவர் வேலை, ஆனால் பல கடைகளில் “ப்ராசஸர் டெட் சார்” என்றுதான் பதில் வரும். எஃப் என்ற எழுத்தில் முடிகிற இன்டெல் ப்ராசஸர்களில் படம் காட்டும் பகுதியே வேலை செய்யாது, தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அந்த ஒரு எழுத்தைச் சொல்லாமல் விற்றால், வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போனில் கேட்டால் “கார்டு போடணும்மா, அது தனி காசு” என்பார்கள்.

இன்னொன்று, பாதி ரேம் வியாபாரம். கணக்கு போடுவோம். டிடிஆர்4 3200 என்றால் விநாடிக்கு 320 கோடி தடவை, தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட். பெருக்கினால் விநாடிக்கு 25.6 ஜிபி. இதே வகை ஸ்டிக் இரண்டை இரண்டு சானலிலும் போட்டால் 51.2 ஜிபி. பாதை இரண்டு மடங்கு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரையில் படம் வரைகிற வேலைக்கும் இதே ரேம், இதே பாதைதான். அதனால் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கை விட இரண்டு 8 ஜிபி ஸ்டிக் அந்த மாதிரி மெஷினில் நன்றாகவே வித்தியாசம் காட்டும். நான் பார்த்த வரையில் நம் பக்கம் விற்கிற பத்து அசெம்பிள்டு மெஷினில் ஒன்பதில் ஒரே ஸ்டிக்தான். கேட்டால் “அப்புறம் ஆட் பண்ணிக்கலாம் சார்” என்பார்கள். சரி, அப்புறம் ஆட் பண்ண அதே வகை ஸ்டிக் கிடைக்குமா, இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டால் முகம் மாறும்.

இனி அவர்கள் தரப்பு நியாயத்துக்கு வருகிறேன். ஒருதலையாகப் பேசினேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

முதல் நியாயம்: “ஏழைப் பிள்ளைக்கு மலிவா கிடைக்குதே சார், பழசா இருந்தா என்ன?” பழசில் எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆபீசில் ஓடிய எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்றில் 16 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு, பழசு என்று சொல்லி, பழசுக்குரிய விலையில் கொடுத்தால் நானே ஆள் அனுப்புகிறேன். கல்லூரிப் பிள்ளைக்கு நாலைந்து வருடம் தாராளமாகத் தாங்கும். எட்டாம் தலைமுறை என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்கிற இன்டெல் ப்ராசஸர்கள், சில விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆபீஸ்கள் எல்லாம் பழைய மெஷின்களை ஏன் மொத்தமாகத் தள்ளுகின்றன என்று இப்போது புரிகிறதா? அவர்கள் வேண்டாம் என்று எடைக்குப் போட்டதை, நம் பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் புதிதென்று விற்கிறார்கள். மூன்றாம் தலைமுறை மெஷினுக்கு 28,000 ரூபாய் என்பது மலிவு விலை இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, வாத்தியார் வாயால் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

இரண்டாவது நியாயம்: “ரேம் விலை ஏறிடுச்சு சார்.” இது உண்மை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்கவே ஏறியிருக்கிறது. இந்தச் சிப்புகளைப் பெரிய அளவில் செய்பவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குச் செய்வதில் லாபம் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் வாங்கிக்கொண்டிருந்த குருஷியல் ரேமையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. இதில் நம்மூர்க் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரேம் விலை ஏறினால் நியாயமான வியாபாரி என்ன சொல்வார்? “இப்போ ஒரு 8 போடுங்க, போர்டுல ரெண்டு ஸ்லாட் இருக்கு, விலை இறங்குனதும் இதே மாதிரி இன்னொரு 8 போட்டுக்கலாம்” என்பார். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-க்கு டிடிஆர்4 போர்டும் இருக்கிறது, டிடிஆர்5 போர்டும் இருக்கிறது. சில போர்டுகளின் பெயர் முடிவிலேயே ‘டி4’ என்று அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் ஏற்கெனவே டெஸ்க்டாப் டிடிஆர்4 ஸ்டிக் இருந்தால் அதற்கேற்ற போர்டைப் பார்த்து வாங்கி அந்தச் செலவை மிச்சம் பிடிக்கலாம். இதுதான் விலையேற்றத்துக்குப் பதில். விலை ஏறியதைக் காரணம் காட்டிப் பரணில் கிடந்த டிடிஆர்3-ஐ எல்லாம் ‘ஐ7’ என்று பெயர் சூட்டித் தள்ளிவிடுவதைப் பதில் என்று நான் ஏற்க மாட்டேன்.

“பேசாம பிராண்டட் வாங்கச் சொல்லுங்க சார்” என்று ஒரு கட்சி. வாங்கலாம். அதிலும் பெரும்பாலும் ஒரே ஸ்டிக்தான் வரும். இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்று அங்கேயும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது நான் உண்மையில் யாரோடு சண்டை போட வந்தேனோ, அவர்களிடம் வருகிறேன். கடைக்காரர் லாபத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள்? என்னிடம் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையிலேயே வேலை பார்க்கும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் அத்தை வீட்டிலும் சித்தி வீட்டிலும்தான் இந்த ‘ஐ7’ உட்கார்ந்திருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் உங்களுக்குத்தான் போன் செய்தார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “மீட்டிங்ல இருக்கேன் அத்தை, ஐ5க்கு மேல ஏதாச்சும் வாங்கிடுங்க.” அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கடைக்காரர் ஐ7 ஆக்கி விற்றார்! அக்கறையுள்ள சிலர் யூடியூப் லிங்க் அனுப்புகிறீர்கள். அதில் ஒருவர் கேம் ஆடுவதற்கு ஒன்றரை லட்சம் ரூபாயில் வானவில் கலரில் மெஷின் கட்டுகிறார். மலைமேல் கிழங்கு விற்ற காசில் வாங்குகிற அம்மாவுக்கு அதில் எந்த நிமிடம் பயன்படும் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பத்து நிமிடம். கடைக்காரர் கொடுக்கிற கொட்டேஷனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ப்ராசஸரின் முழு எண், கடைசி எழுத்து வரைக்கும். போர்டின் முழுப் பெயர். ரேம் டிடிஆர் எத்தனை, வேகம் எத்தனை, எத்தனை ஸ்டிக். இந்த மூன்றும் அதில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். இருந்தால், போர்டு கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் அந்தப் போர்டின் பெயரை அடியுங்கள். எந்த ப்ராசஸர், எந்த பயாஸிலிருந்து ஓடும், எந்த ரேமைப் போட்டுச் சோதித்திருக்கிறார்கள் என்று பட்டியலே போட்டு வைத்திருப்பார்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், இன்டர்நெட் இருக்கிறது, ஏசி அறை இருக்கிறது. செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள்.

வாங்கப்போகிற பெற்றோர்களுக்கு: இந்த மூன்று விவரமும் ஜிஎஸ்டி பில்லிலேயே வர வேண்டும். ‘கம்ப்யூட்டர் 1 செட்’ என்று எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். மலைக்காரப் பையன் கையில் இருந்தது அந்தச் சீட்டுதான். அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நியாயம் கேட்பது? முறையான பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வீட்டிலிருந்தே போன் செய்யலாம். பில்லில் எழுத மாட்டேன் என்கிற கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மரியாதையாகக் கிளம்பிவிடுங்கள், அடுத்த கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் மெமரியை அழுத்திப் பாருங்கள். எத்தனை ஜிபி, என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். சிபியு என்ற இடத்தில் ப்ராசஸரின் முழுப் பெயர் இருக்கும். பில்லோடு ஒத்துப்பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

நேர்மையாக நடத்துகிற கடைக்காரர்களும் கள்ளக்குறிச்சியில், தியாகதுருகத்தில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் என் மாணவர்கள். இந்தப் பதிவால் அவர்கள் மனம் நோகும் என்று ஒரு நண்பர் சொன்னார். நோகாது. பக்கத்துக் கடையின் ‘ஐ7’ ஸ்டிக்கரோடு போட்டி போட முடியாமல் தவிப்பவர்களே அவர்கள்தான். உள்ளதைச் சொல்லி ஐ3 விற்கிறவனிடம், “அந்தக் கடையில இதே காசுக்கு ஐ7 தர்றாங்களே” என்று பேரம் பேசிவிட்டு எழுந்து போவது நாம்தானே?

மலைக்காரப் பையனின் மெஷினைப் பற்றிக் கேட்பீர்கள். இன்டெல்லுக்கு ஒத்துப்போகிற டிடிஆர்3 4 ஜிபி ஸ்டிக் ஒன்று தேடிப் பிடித்து, இரண்டு சேர்த்து 8 ஜிபி ஆக்கியிருக்கிறோம். லினக்ஸ் போட்டாயிற்று. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திறக்கிறது, எமுலேட்டர் மட்டும் இன்னும் திணறுகிறது. அதற்குப் பதிலாகத் தன் போனையே வயர் போட்டு இணைத்துச் சோதனை செய்துகொள்கிறான். ஓடாத 8 ஜிபி ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுக்க என்னோடு கடைக்கு வந்தான். “வித்த பொருள் வாபஸ் இல்லை” என்று சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினார்கள். குழுக் கடன் தவணை இன்னும் பதினொன்று பாக்கி.

இதே போல் இன்னும் நான்கு பிள்ளைகளின் மெஷின்கள் 4 ஜிபியோடு நொண்டிக்கொண்டிருக்கின்றன. நான்கும் டிடிஆர்3, நான்கும் இன்டெல். உங்கள் வீட்டுப் பரணில், ஆபீஸ் அலமாரியில், கழற்றிப் போட்ட டெஸ்க்டாப் டிடிஆர்3 ஸ்டிக் இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள், கூரியர் செலவு என்னுடையது. 4 ஜிபியானாலும் சரி, 8 ஜிபியானாலும் சரி. லேபிளையும் சிப்பின் மேல் உள்ள எண்ணையும் முதலில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஒத்துவருமா என்று பார்த்துச் சொல்கிறேன். லேப்டாப் ஸ்டிக் வேண்டாம்.